தோற்றவன் சாட்சி சொல்லக் கூடாதா?

தீபாவளி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. சிவகாசிப் பக்கம் ஏதோ ஒரு சபை. எந்தச் சபை என்று பெயர் சொல்லத் தேவையில்லை, எங்கே போனாலும் காட்சி ஒன்றுதான். ஆராதனை நடுவில் சாட்சி நேரம். இந்த வருஷம் ஆர்டர் நன்றாக வந்தது, வடநாட்டுப் பார்ட்டி பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டார், மினி லாரி வாங்கியாயிற்று, மகளுக்கு நல்ல காலேஜில் சீட் கிடைத்தது, ஸ்தோத்திரம்! ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். சபையாரும் சேர்ந்து அல்லேலூயா சொல்வார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. நன்மை செய்தவருக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம்தான்.

ஆனால் அதே சபையில் கடைசி வரிசையில் ஒருவர் இருப்பார். அனுப்பிய சரக்கு திரும்பி வந்திருக்கும், வாங்கிய செக் பவுன்ஸ் ஆகியிருக்கும், அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிற நிலையில் இருக்கும். அவரும் போன வருஷம் முழுக்க ஜெபித்தவர்தான். காணிக்கைப் பையில் அவரும் போட்டவர்தான். மைக் அவர் பக்கம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருப்பதுபோல் இருந்துவிடுவார். மைக் அடுத்தவரிடம் போய்விடும்.

ஏன் அவர் வாய் திறக்கவில்லை? திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது மூன்று பேர் வருவார்கள். முதலாமவர் தோளில் கை போட்டு, "பிரதர், தப்பா நினைக்காதீங்க, மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்பார். இரண்டாமவர், "இது சத்துருவோட போராட்டம், வீட்ல ஒரு உபவாச ஜெபம் வச்சிருவோம்" என்பார். மூன்றாமவர், "கலங்காதீங்க, போனதுக்கு ரெட்டிப்பா கர்த்தர் தருவார், எழுதி வச்சுக்கோங்க" என்பார். மூன்று பேருமே நல்லவர்கள்தான், அக்கறையில்தான் சொல்கிறார்கள். போகும்போது மூவரும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்கள்: "தாழ்மையா இருங்க பிரதர்."

கவனித்துப் பாருங்கள். கடவுளின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததுபோல் பேசியவர்கள் அந்த மூன்று பேர். எதுவும் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றவர் இவர். தாழ்மைப் பாடம் மட்டும் இவருக்கு! இது எந்த ஊர் நியாயம்?

தோல்வி நேரத்தில் தாழ்மை என்றால் என்ன என்பதையே தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தோற்றவன் தலையைத் தொங்கப் போடுவது தாழ்மை, வாயை மூடிக்கொள்வது தாழ்மை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது தாழ்மை. இப்படி எடுத்துக்கொண்டால் தாழ்மை என்பது தோற்றவன் செலுத்த வேண்டிய அபராதம் மாதிரி ஆகிவிடுகிறது. ஜெயித்தவனுக்கு அதில் வேலையே இல்லை.

வணிகவியல் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பிளஸ் ஒன் புத்தகத்திலேயே வரும். இருப்பாய்வு தயாரிக்கும்போது பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வார்கள்? வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கு என்று ஒன்றைத் தொடங்கி அதில் வைப்பார்கள். "இந்தத் தொகை எங்கே தவறியது என்று இப்போது தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்பதுதான் அதன் பொருள். பிழை கண்டுபிடிக்கப்பட்டதும் திருத்தப் பதிவு போட்டு அந்தக் கணக்கை முடிப்பார்கள். கண்டுபிடிக்கும் வரை அது அங்கேயே நிற்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் நேர்மையான கணக்காளன் அதை அங்கேயே நிற்க விடுவான். மேனேஜர் கோபிப்பார் என்று பயந்து, ஏதோ ஒரு கணக்கில் வித்தியாசத்தைத் தள்ளி "சார், டேலி ஆயிடுச்சு" என்று சொல்கிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லத் தேவையில்லை.

சபையில் நடப்பது இந்த இரண்டாவது வேலைதான். ஒருவனுடைய நட்டத்துக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் முதலாமவர் அதைப் 'பாவம்' என்ற கணக்கில் எழுதுகிறார். இரண்டாமவர் 'பிசாசு' என்ற கணக்கில் எழுதுகிறார். மூன்றாமவர் 'வரவேண்டிய ஆசீர்வாதம்' என்று சொத்துப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்! மூன்று பேருடைய கணக்கும் டேலி. உண்மை மட்டும் அதில் இல்லை.

தோல்வியில் தாழ்மை என்பது, தெரியாததைத் தெரியாது என்று கடவுளுக்கு முன்பும் மனிதருக்கு முன்பும் ஒப்புக்கொள்வது. தெரிந்த பிழையைத் தன் பெயரிலேயே திருத்தி எழுதுவது. இந்த இரண்டும்தான். மற்றபடி தலை நிமிர்ந்து நடக்கலாம்.

இது யாரோ அமெரிக்காவில் எழுதிய தத்துவம் இல்லை. இதை வாழ்ந்து காட்டிய ஒரு மனிதர் செத்ததே சிவகாசியில்தான். பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் இந்த ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு.

அவர் பெயர் தாமஸ் கஜேட்டன் ராக்லண்ட். 1815-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, 1841-ல் அந்த ஆண்டுத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தவர். அந்தக் காலத்தில் அது சாதாரண ரேங்க் இல்லை. கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோ பதவி கிடைத்தது. அங்கேயே இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்க மரியாதை, சம்பளம், நூலகம், புல்தரை எல்லாம் இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு சி.எம்.எஸ். மிஷனரியாக 1846-ல் சென்னைக்கு வந்தார். சங்கத்தின் செயலாளர் பொறுப்பு. கடிதம், கணக்கு, நிர்வாகம். அதுவும் மரியாதையான நாற்காலிதான்.

1854-ல் அந்த நாற்காலியையும் விட்டுவிட்டு, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு வட திருநெல்வேலிக்கு வந்தார். இன்றைய சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்கள் எல்லாம் அப்போது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. (விருதுநகர் மாவட்டம் பிறந்ததே 1985-ல்தான்.) வீடு இல்லை. கூடாரம். சில நாள் ஓரிடம், பிறகு பிரித்துக் கட்டிக்கொண்டு அடுத்த இடம். கரிசல் வெயில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைவு, காற்று வறட்சி. பின்னாளில் தீப்பெட்டித் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். அந்த வறட்சியில்தான் துணிக் கூடாரத்துக்குள் பலவீனமான உடம்போடு ஒரு கணித மேதை உட்கார்ந்திருந்தார்.

பலன்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. அதே திருநெல்வேலியின் தெற்குப் பக்கத்தில் அந்த ஆண்டுகளில் ஊர் ஊராகச் சபைகள் எழும்பியிருந்தன. மெஞ்ஞானபுரம், நல்லூர் என்று பேர் சொல்லும்படி கிறிஸ்தவக் கிராமங்கள், பெரிய ஆலயங்கள், பள்ளிக்கூடங்கள். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன அறிக்கைகளில் எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போயின. வடக்கே ராக்லண்ட் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி எண்ணிக்கை இல்லை. பிரசங்கித்தார்கள், ஜனங்கள் கேட்டார்கள், கலைந்து போனார்கள். அடுத்த ஊர். மறுபடி அதே கதை. நான்கரை வருஷம் இப்படியே போனது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ராக்லண்ட் திடீரென்று இறந்துபோனார். வயது 43.

இந்த மனிதர் இன்றைய சாட்சி நேரத்தில் எழுந்து நின்றால் என்ன சொல்வார்? 'பெரிய வேலையை விட்டேன், வந்தேன், உடம்பு கெட்டது, பலன் அதிகம் இல்லை' என்பார். அல்லேலூயா சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த மூன்று பேரும் அவரிடமும் வருவார்கள். ஒருவர் பாவத்தைத் தேடச் சொல்வார், ஒருவர் பிசாசை விரட்டச் சொல்வார், ஒருவர் அடுத்த வருஷம் ரெட்டிப்பு என்பார்.

ராக்லண்ட் செய்தது வேறு. தெற்கோடு போட்டி போட்டு எண்ணிக்கையை ஊதிக் காட்டவில்லை. வடக்கு ஜனங்களைக் கடின இருதயக்காரர்கள் என்று திட்டிவிட்டு மூட்டை கட்டவில்லை. இன்னொன்றும் செய்தார்கள், அதுதான் முக்கியம். தெற்கிலிருந்த தமிழ்ச் சபைகளின் உதவியைக் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து வடக்கே அனுப்பின. கேம்பிரிட்ஜ் ஃபெலோ ஒருவர் பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைகளோடு தோளோடு தோள் நின்று அதே ஊர்களில் நடந்தார். வெள்ளைக்காரன் ராஜ்யம் நடந்த காலம் அது. 1857 கலகத்துக்கு முன்னும் பின்னுமான வருஷங்கள். அப்போது இது சின்ன விஷயம் இல்லை.

சரி, இதற்கு உடனே ஒரு பதில் வரும். வந்தே தீரும். "ராக்லண்ட் விதைச்சார், பின்னால வந்தவங்க அறுத்தாங்க. சிவகாசிக்குப் பக்கத்துல சாட்சியாபுரத்தைப் பாருங்க, ஆலயம், பள்ளிக்கூடம் எல்லாம் எப்படி நிக்குது! ஆக அது தோல்வியே இல்லை, ஜெயம்தான்!"

சாட்சியாபுரம் நிற்பது உண்மைதான். வட திருநெல்வேலி மிஷனின் மையமாக அது வளர்ந்ததும் உண்மைதான். ராக்லண்டே கோதுமை மணியைப்போல் மண்ணில் விழுந்து சாவதுதான் வழி என்கிற கருத்தை எழுதிவைத்தவர்தான். ஆனால் இந்தப் பதிலில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. 1858-ல் கூடாரத்தில் படுத்துக்கிடந்தவருக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. மணி அடிக்கிற சத்தம் கேட்காது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கலைந்துபோன கூட்டம்தான். பின்னால் வந்த லாபத்தை முன்தேதியிட்டு அவர் கணக்கில் வரவு வைத்தால் அவர் பட்ட நட்டம் மறைந்துவிடும். அவருடைய தாழ்மையும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும். லாபம் நிச்சயம் என்று தெரிந்து பொறுத்திருப்பதற்குப் பெயர் தாழ்மை இல்லை, முதலீடு. பிக்ஸட் டெபாசிட் போட்டுவிட்டு ஐந்து வருஷம் காத்திருப்பவனை யாரும் தாழ்மையுள்ளவன் என்று சொல்வதில்லையே!

சரி, விளைச்சலே வராமல் போயிருந்தால்? அந்த ஊர்களில் ஒரு ஓலைக் கோயில்கூட எழும்பாமல் போயிருந்தால்? அப்போதும் ராக்லண்ட் அதே ராக்லண்ட்தான். விளைச்சலைக் காட்டித்தான் அவரை நியாயப்படுத்த முடியும் என்று நினைக்கிறவர்கள், விளைச்சல் இல்லாமல் செத்த ஆயிரம் உபதேசியார்களை என்ன கணக்கில் எழுதுவார்கள்?

வேதத்தை எடுத்துப் பார்த்தாலும் அந்த மூன்று பேருக்கு ஆதரவு கிடைப்பது கஷ்டம். யோபுவின் கதை எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் மூன்று நண்பர்கள். முதல் ஏழு நாள் அவர்கள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அருமையான நண்பர்கள். எட்டாம் நாளிலிருந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். உன் பாவம், உன் பிள்ளைகளின் பாவம் என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். பேசியது எல்லாம் பக்தியான பேச்சு. கடைசியில் கடவுள் யாரைக் கோபித்துக்கொண்டார்? கத்திய யோபுவை இல்லை, விளக்கம் சொன்ன நண்பர்களை. அதோடு விடவில்லை, யோபு ஜெபித்தால்தான் அவர்களுக்கு மன்னிப்பு என்றும் ஆகிவிட்டது. "ஏன்?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தியவனிடம் தாழ்மை இருந்தது, "இதனால்தான்" என்று விரலை நீட்டியவர்களிடம் அது இல்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் தீர்ப்பு.

பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள். மூன்று முறை எடுத்துப்போடச் சொல்லிக் கேட்டார். எடுக்கப்படவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. கேட்டேன், கிடைக்கவில்லை என்று சபைக்குக் கடிதம் எழுதியே சொல்லிவிட்டார். இன்றைய ஊழியக்காரர்களில் எத்தனை பேர் "மூணு தடவை ஜெபிச்சேன், நடக்கல" என்று மேடையில் சொல்லத் துணிவார்கள்? கன்வென்ஷன் போஸ்டரில் போட முடியாத சாட்சி அது.

சீலோவாமிலே ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியும் சுவிசேஷத்தில் வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவனை விசாரிக்காதே, உன்னை விசாரித்துக்கொள். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

கோபுரம் என்றதும் சிவகாசிக்காரர்களுக்கு வேறு ஒன்று ஞாபகத்துக்கு வரும். வர வேண்டும். இந்தத் தாழ்மைப் பேச்சு எல்லாவற்றையும்விட ஆபத்தாக மாறுகிற இடமும் அதுதான்.

இந்த வட்டாரத்தில் இரண்டு வகையான அடிகள் விழுகின்றன. ஒன்று, 2018 அக்டோபர் 23 அன்று விழுந்தது மாதிரி. அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. திரி வெட்டியவர்கள், சரம் பின்னியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள், லோடு ஏற்றியவர்கள் என்று அத்தனை வீடுகளிலும் அடுப்பு தடுமாறியது. 2020-ல் கொரோனா. அந்தத் தீபாவளிக்கு டெல்லி, ராஜஸ்தான் போன்ற இடங்களில் தடை. பிறகு 2025-ல்தான் டெல்லி வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாட்கள் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. டெல்லியின் புகைமூட்டத்துக்கும் திருத்தங்கல்லில் சரம் பின்னுகிற ஒரு அக்காவின் மறைவான பாவத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த அக்காவுக்குத் தேவை ஆராய்ச்சி இல்லை, அரிசி. கூடவே, சுவாசிக்க முடியாத டெல்லிப் பிள்ளையின் கஷ்டமும் உண்மைதான், நம் தொழில் மட்டும் உலகம் இல்லை என்று ஒப்புக்கொள்கிற மனசும் சபைக்குத் தேவை. அதுவும் தாழ்மையில் சேர்த்திதான். "கிறிஸ்தவத் தொழிலதிபர்களுக்கு எதிரான சத்துருவின் சதி" என்று ஜெபிப்பது அதில் சேராது.

இன்னொரு வகை அடி வெடிவிபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் காப்பாற்ற ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். 2024-லும் 2025-லும் மறுபடி மறுபடி. ஒவ்வொரு முறையும் விசாரணையில் வருகிற வார்த்தைகள் ஊருக்கே மனப்பாடம்: அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் அறையில் ஆட்கள், மரத்தடியில் வேலை, உள்குத்தகை, மருந்துக் கலவையில் அவசரம்.

இங்கே அனாமத்துக் கணக்குக்கு வேலையே இல்லை. பிழை எங்கே என்று தெரியும், யார் பெயரில் எழுத வேண்டும் என்றும் தெரியும். தெரிந்த பிழையைத் 'தேவ சித்தம்' என்ற தலைப்பில் எழுதுகிறவன் கடவுள் பெயரில் கள்ளக்கணக்கு எழுதுகிறான். கருகிய மகனைப் புதைத்துவிட்டு நிற்கிற அம்மாவிடம் "தாழ்மையாய் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற பிரசங்கம் சுவிசேஷம் இல்லை, ஆலை முதலாளிக்கு இலவச வக்கீல் சேவை. அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. வழக்குப் போட உரிமை உண்டு. கோபப்பட உரிமை உண்டு. அவர் கோர்ட் படி ஏறினால் அவர் விசுவாசம் குறைந்துவிடாது. பவுலே தனக்கு அநியாயம் நடந்தபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லி இராயனுக்கு அபயமிட்டவர்தான்!

அந்த இடத்தில் தாழ்மை யாருக்குத் தேவை? லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு. "நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தது என் தப்பு" என்று சொல்ல ஒரு முதலாளிக்கு வாய் வந்தால் அது தாழ்மை. விபத்து நடந்த வாரமே அவரிடம் காணிக்கை வாங்கி, அவருக்காக விசேஷ ஜெபம் நடத்தி, கேள்வி மட்டும் கேட்காத போதகருக்கும் அது தேவை.

இதையெல்லாம் சொன்னால், தாழ்மை வேண்டாம் என்று சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். இல்லை. தாழ்மை வேண்டும், கட்டாயம் வேண்டும். அடி வாங்கினவனுக்கும் வேண்டும். ஆனால் அது செய்கையாக இருக்க வேண்டும், முகபாவமாக இருந்தால் போதாது. என்ன செய்கை?

முதலாவது, நட்டத்தை நட்டம் என்றே சொல்வது. 'சின்ன சோதனை', 'கர்த்தர் வேறு திட்டம் வைத்திருக்கிறார்' என்று உடனே மூடி போடாமல், "தோற்றுவிட்டேன், வலிக்கிறது" என்று சொல்வது. ஜெபத்தில் சொல்ல முடிந்தால் வீட்டில் சொல்ல முடியும். வீட்டில் சொல்ல முடிந்தால் வட்டிக்காரனிடம் ஓடுவதற்கு முன்பே நாலு பேர் யோசனை கிடைக்கும். இந்தப் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் நட்டத்தால் அழியாமல், நட்டத்தை மறைக்க வாங்கிய கடனால் அழிந்தன என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது, தன் பங்கை மட்டும் தேடுவது. விலையைத் தப்பாகப் போட்டோமா, ஆளைத் தப்பாக நம்பினோமா, படிக்காமல் பரீட்சைக்குப் போய்விட்டு ஜெபத்தை மட்டும் நம்பினோமா? (கடைசிக் கேள்வி மாணவர்களுக்கு. அரியர் வைத்தவர்கள் பிசாசைத் திட்டுவதற்கு முன் சிலபஸை ஒருமுறை பார்க்கலாம்.) கிடைத்த பிழையைத் திருத்துவது. கிடைக்காவிட்டால் இல்லாத பாவத்தைத் தோண்டி எடுத்துத் தன்னைத் தானே அடித்துக்கொள்ளாமல் நிறுத்துவது. இல்லாத பாவத்தைக் கண்டுபிடிப்பதும் ஒருவகைப் பெருமைதான். உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னால்தான் என்கிற பெருமை.

மூன்றாவது, உதவி கேட்பது. கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும். வருஷம் முழுக்கக் கொடுத்தே பழகியவனுக்கு ஒருநாள் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று கொடுத்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். ராக்லண்ட் தெற்குச் சபைகளின் உபதேசியார்களை ஏற்றுக்கொண்டதில் இருக்கிற தாழ்மை இதுதான்.

நான்காவது, அடுத்தவன் தோற்கும்போது அவனுக்கு விளக்கம் சொல்லாமல் இருப்பது. தான் ஜெயிக்கும்போது தன் ஜெயத்துக்கும் முழு விளக்கம் தெரிந்ததுபோல் பேசாமல் இருப்பது. 'நான் தசமபாகம் கொடுத்தேன், அதனால் ஆர்டர் வந்தது' என்று மைக்கில் சொல்கிறவர், கடைசி வரிசையில் இருப்பவரை 'நீ ஒழுங்காகக் கொடுக்கவில்லை' என்று வாயால் சொல்லாமலே சொல்லிவிடுகிறார். அவர் அப்படி நினைக்காமல் இருக்கலாம். கேட்கிறவருக்கு அப்படித்தான் விழுகிறது.

ராக்லண்டைப் பற்றி 1922-ல் ஒரு புத்தகம் எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். கோயில்களுக்குக் கொடுக்கப்படவிருந்த குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த அதே அம்மையார்தான். ராக்லண்டின் கதையை எழுதி ஒன்பது வருஷம் கழித்து, 1931-ல், களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். பிறகு பழையபடி நடமாட முடியவே இல்லை. ஓடியாடி வேலை செய்த மனுஷி கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்து 1951-ல் இறந்தார். எத்தனை பேர் எத்தனை முறை ஜெபித்திருப்பார்கள்! குணம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். பொறுப்புகளை மற்றவர்கள் கையில் விட்டார். கல்லறையில் தன் பெயரைப் பொறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் அங்கே வைத்தார்கள். அவரை 'விசுவாசம் குறைந்தவர்' என்று சொல்ல எந்தச் சபைக்குத் தைரியம் இருக்கிறது? அவருக்குச் சொல்ல முடியாததைக் கடைசி வரிசைக்காரருக்கு மட்டும் ஏன் சொல்கிறார்கள்? அவர் ஏமி கார்மைக்கேல் இல்லை என்பதாலா?

ஒரு வேண்டுகோளோடு முடிக்கலாம். சாட்சி நேரத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் வருஷத்தில் ஒரு ஞாயிறாவது மைக்கைக் கடைசி வரிசையிலிருந்து தொடங்கட்டும். "ஜெபிச்சேன், நடக்கல, ஏன்னு தெரியல, இன்னும் ஜெபிக்கிறேன்" என்று ஒருவர் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது, அல்லேலூயாவும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்ததுபோல் ஏழு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பிறகு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, "அந்தக் கடன் எவ்வளவுண்ணே? யார்கிட்ட வாங்கினீங்க? நாளைக்கு நானும் கூட வர்றேன், பேசிப் பார்ப்போம்" என்று ஒருவராவது கேட்கட்டும்.